தண்ணி குடிக்காமல் ஓடின காலம்

மரதன் ஓட்டத்தின் வரலாறு என்று தொடங்கினால் எல்லாரும் நேரே கிரேக்கத்துக்குத்தான் போவினம். ஒரு தூதன் ஓடினான், செய்தி சொன்னான், விழுந்து செத்தான். அந்தக் கதையில் உண்மை எவ்வளவு என்பது வேறு விசயம். ஆனால் ஓடி முடித்துச் சாகிறதை வீரமாகக் காட்டுகிற பழக்கம் அங்கேயிருந்துதான் வருகுது எண்டு நாங்கள் நினைக்கிறோம். ஆகவே கிரேக்கத்தை விட்டுவிட்டு, உண்மையாகவே ஒருவர் ஓடிச் செத்த ஊரிலிருந்து தொடங்குவோம்.

1912 யூலை 14, சுவீடனின் ஸ்டொக்ஹோம். சுவீடன் எண்டால் எங்களுக்குப் பனியும் குளிரும்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு நிழலிலேயே 30 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தது. ஒலிம்பிக் மரதன் மத்தியானம் 1.48க்குத் தொடங்கியது. மைதானத்திலிருந்து புறப்பட்டு, நகரத்தை விட்டு வெளியே சொலென்துனா வரை போய்த் திரும்ப வேண்டும்; 40.2 கிலோமீற்றர். நிழல் குறைந்த, புழுதி படிந்த வீதி. 68 பேர் ஓடத் தொடங்கினார்கள். முடித்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர்தான்.

முடிக்காதவர்களில் ஒருவர் போர்த்துக்கல்லின் பிரான்சிஸ்கோ லாசரோ. லிஸ்பனில் தச்சுவேலை செய்தவர். போர்த்துக்கல் முதன்முதலாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக் அது. தொடக்க விழாவில் நாட்டின் கொடியைப் பிடித்துக்கொண்டு போனவரும் அவர்தான். வெயில் தோலைச் சுடாமல் இருக்கட்டும் என்று, ஓடமுதல் உடம்பு முழுக்க மிருகக் கொழுப்பைப் பூசியிருந்தார் என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்து அறிவுக்கு அது முட்டாள்தனமாகத் தெரிந்திருக்காது. வெயில் வெளியிலிருந்து வருகிற எதிரி, தோலுக்கு ஒரு கவசம் போட்டால் சரி என்ற எண்ணம்தான். ஆனால் ஓடுகிறவனுக்கு ஆபத்தான சூடு உள்ளேயிருந்துதான் வருகிறது. கொழுப்பு மூடின தோலில் வியர்வை ஆவியாக வழியில்லை. சுமார் 30ஆவது கிலோமீற்றரை அண்டி லாசரோ விழுந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது உடம்புச் சூடு 41 பாகைக்கு மேல். அடுத்த நாள் காலை இறந்துபோனார். நவீன ஒலிம்பிக் போட்டியொன்றில் ஓடி உயிரிழந்த முதல் ஆள் அவர்.

அதே ஓட்டத்தில் இன்னொருவரும் காணாமல் போனார். ஜப்பானின் ஷிசோ கனகுரி. ஜப்பான் முதல் தடவை ஒலிம்பிக்குக்கு அனுப்பிய இரண்டே இரண்டு வீரர்களில் ஒருவர். கப்பலிலும் பிறகு சைபீரிய ரயிலிலுமாக 18 நாள் பயணம் செய்து ஸ்டொக்ஹோமுக்கு வந்து சேர்ந்தவர். வழியில் சூடு தாங்காமல் மயங்கிப்போக, வீதியோரத்து வீட்டுக்காரர் எடுத்துப் பராமரித்திருக்கிறார்கள். தோற்றுப்போன வெட்கத்தில் அமைப்பாளர்களுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். சுவீடன்காரர் ஐம்பது வருசமாக அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள் எண்டு ஒரு கதை இணையத்தில் திரியுது. அது சும்மா. அவர் 1920இலும் 1924இலும் திரும்ப ஒலிம்பிக்கில் ஓடியிருக்கிறார், அப்படியிருக்க எப்படிக் காணாமல் போவார்? ஆனால் இது உண்மை: 1967இல் சுவீடன் ஒலிம்பிக் குழு அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் சொன்னது. 75 வயதுக் கிழவர் மைதானத்தில் ஓடி எல்லைக்கோட்டு நாடாவைத் தொட்டார். பதிவான நேரம் 54 வருடம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 செக்கன். வழியில் கலியாணம் கட்டி, பிள்ளைகள் பெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டேன் என்று பகிடி விட்டாராம்.

லாசரோவும் கனகுரியும் ஒரே வெயிலில், ஒரே வீதியில் விழுந்தவர்கள். ஒருவர் பேரப்பிள்ளை கண்டார், மற்றவர் அடுத்த நாளைக் காணவில்லை. கனகுரி விழுந்த இடத்தில் ஒரு வீடு இருந்தது, வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். மரதன் வரலாற்றில் உயிர் தப்பினவர்களின் கதையைத் தோண்டினால் அடிக்கடி இப்படி ஒரு வீடோ, ஒரு ஆளோ, ஒரு வாளித் தண்ணியோ இருக்கும்.

மத்தியானத்தில் ஏன் ஓடவிட்டார்கள்? பார்க்க ஆட்கள் வருகிற நேரம் அதுதான். 1904இல் அமெரிக்காவின் சென் லூயிஸில் நடந்த ஒலிம்பிக் மரதன் பின்னேரம் 3 மணியளவில் தொடங்கியது. 1908 லண்டன் மரதனும் பின்னேரம் இரண்டரைக்குத்தான். அந்த லண்டன் ஓட்டத்தில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி மைதானத்துக்குள் முதலாவதாக வந்து, திசை தெரியாமல் மாறி ஓடி, திரும்பத் திரும்ப விழுந்ததை ஆயிரக்கணக்கான ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகள் தூக்கி நிறுத்தி எல்லைக்கோட்டைக் கடக்கவைத்ததால் அவருக்குப் பதக்கம் இல்லாமல் போனது. ஓடுகிறவரைத் தொட்டால் தகுதியிழப்பு என்பது அன்றிலிருந்து எல்லார் மனத்திலும் பதிந்துவிட்டது. அந்தப் பயம் பிறகும் ஆட்களைக் கொல்லப் பார்த்தது, அதற்குப் பின்னால் வருவோம்.

சென் லூயிஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 1904 ஒகஸ்ட் 30, வெப்பம் சுமார் 32 பாகை. தார் போடாத கிராமத்து வீதிகள். முன்னுக்கும் பக்கத்திலும் போன மோட்டார் வண்டிகள் கிளப்பின புழுதியை ஓடினவர்கள்தான் விழுங்கினார்கள். வில்லியம் கார்சியா என்பவர் வீதியோரத்தில் விழுந்து கிடந்தார். விழுங்கின புழுதி வயிற்றின் உட்சுவரையே கிழித்து இரத்தம் கசிந்திருந்தது. தப்பினது அருந்தப்பு. தண்ணீர் கிடைத்தது வழியில் இரண்டொரு இடத்தில் மாத்திரம். இது ஏற்பாட்டுக் குறைபாடு மட்டுமில்லை. போட்டிக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் சலிவன், தண்ணீர் இல்லாமல் ஓடினால் உடம்புக்கு என்ன நடக்கும் என்று பார்க்க விரும்பியிருந்தார். அதாவது ஓடினவர்கள் பரிசோதனைப் பொருட்களும்தான். வென்ற தோமஸ் ஹிக்ஸ் தண்ணி கேட்டபோது அவருடைய உதவியாளர்கள் கொடுத்தது முட்டை வெள்ளைக்கரு கலந்த ஸ்ட்ரிக்னின். எலி கொல்லப் பாவிக்கிற நஞ்சு அது. சிறு அளவில் கொடுத்தால் உற்சாகம் தரும் என்று அன்று நம்பினார்கள். அதோடு பிராந்தியும். 3 மணி 28 நிமிடத்தில், கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு வரப்பட்டு, எல்லைக்கோட்டைத் தாண்டினார். 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள்.

அந்தப் 14 பேரில் இரண்டு பேர் தென்னாபிரிக்காவின் ஸ்வானா இனத்தவர், லென் தௌவும் ஜான் மஷியானியும். அவர்கள் ஒலிம்பிக்குக்கென்று அனுப்பப்பட்டவர்களில்லை. அதே நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் போவர் யுத்தத்தை நடித்துக்காட்டுகிற கூட்டத்தோடு வந்திருந்தவர்கள். ஒன்பதாவதாகவும் பன்னிரண்டாவதாகவும் வந்தார்கள். அதே மாதம் அதே இடத்தில் "மானுடவியல் நாட்கள்" என்ற பெயரில், கண்காட்சியில் காட்சிக்கு வைத்திருந்த பல நாட்டுப் பூர்வகுடிகளை, பழக்கமேயில்லாத விளையாட்டுகளில் போட்டிபோடவைத்து வேடிக்கை பார்த்தார்கள். எந்த இனத்தின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அளக்கிற ஆசை அந்தக் காலத்து விளையாட்டோடு ஒட்டியே வளர்ந்தது. இது பின்னுக்கும் வரும்.

லாசரோவின் சாவுக்குப் பிறகாவது திருந்தினார்களா? 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், கடும் வெயில் நாளொன்றில், குறுக்குநாட்டோட்டம் வைத்தார்கள். 38 பேர் தொடங்கி 15 பேர் முடித்தார்கள். பாவோ நூர்மி ஒன்றும் நடக்காததுபோல ஓடி வென்றார், மற்றவர்கள் வீதியோரமெல்லாம் கிடந்தார்கள். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். நேரத்தை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை போல.

ஏன் இப்படி விழுகிறார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓடச் செலவாகிற சக்தி ஏறக்குறைய 60 கிலோகலோரி. அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவுதான் ஓட்டமாக மாறும். மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூடு துளியும் வெளியேறாவிட்டால், ஒரு கிலோமீற்றருக்கு உடம்பு கிட்டத்தட்ட ஒரு பாகை ஏறும். 37இல் தொடங்கினவர் நான்காவது கிலோமீற்றரிலேயே 41ஐத் தொட்டுவிடுவார். 21.1 கிலோமீற்றர் அரை மரதனை விடுங்கோ. அப்படி நடக்காமல் இருப்பதற்குக் காரணம் வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இதில் "ஆவியாகும்போது" என்பதுதான் முக்கியம். காற்றில் ஈரப்பதன் கூடினால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டுகிற வியர்வையால் ஒரு பிரயோசனமும் இல்லை, தண்ணியும் உப்பும் போனதுதான் மிச்சம். கொழும்பில் காலிமுகத்திடல் பக்கமாக விடியக்காலையில் ஓடிப் பார்த்தவைக்கு இது விளங்கும். வெயிலே இராது, ஆனால் ரீ-சேட்டைப் பிழிந்தெடுக்கலாம்.

அரை மரதனுக்கு ஒரு தனி ஆபத்தும் உண்டு. முழு மரதனில் ஆள் மெதுவாகத்தான் ஓடுவார், ஓடத்தான் முடியும். பாதித் தூரம் என்றால் வேகம் கூடும். நிமிடத்துக்கு உண்டாகிற சூடு வேகத்தோடு கூடிக்கொண்டு போகும். "பாதிதானே" எண்டு நினைச்சு வருகிறவர்கள், பயிற்சி குறைந்தவர்கள், சினேகிதரோடு பந்தயம் கட்டி வந்தவர்கள் எல்லாரும் அரை மரதனில்தான் கூட. வெப்பத்தாக்கு அதிகம் பதிவான ஓட்டங்களில் ஒன்று, அரை மரதனிலும் சின்னது. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸில் 1973இலிருந்து ஒகஸ்ட் மாதங்களில் நடக்கிற ஃபல்மத் வீதியோட்டம், தூரம் வெறும் 7 மைல்.

திரும்பத் தண்ணிக் கதைக்கு வருவோம். ஓடும்போது தண்ணி குடிக்கிறது பலவீனம், வயிற்றைப் பிடிக்கும், வேகத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் பாதிக்கு மேல் நிலைத்து நின்றது. எங்கட பாடசாலை விளையாட்டு மாஸ்டர்மார் பலர் இன்றைக்கும் அதைத்தான் சொல்லுகினம். ஸ்டொக்ஹோமில் முதலிரண்டு இடத்தையும் எடுத்தவர்கள் தென்னாபிரிக்காவின் கென் மக்ஆர்தரும் கிறிஸ்டியன் கிட்ஷமும். இறுதிக் கட்டத்தில் கிட்ஷம் தண்ணி குடிக்க நின்றார், மக்ஆர்தர் நிற்காமல் போய் வென்றார். இந்த ஒரு சம்பவமே எத்தனை பயிற்சியாளர்களுக்குப் பாடமாகியிருக்கும்!

1954 ஒகஸ்டில் கனடாவின் வான்கூவரில் பொதுநலவாயப் போட்டியின் மரதன். அன்றைய உலகின் வேகமான மரதன் ஓட்டக்காரர் இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ், அடுத்தவரை விட 17 நிமிடம் முன்னால் மைதானத்துக்குள் வந்தார். வந்தவர் விழுந்தார், எழும்பினார், விழுந்தார், தவழ்ந்தார். மைதானத்துக்குள் சுமார் 200 மீற்றர் போக 11 நிமிடம். கடைசியில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர் போட்டிகளில் ஓடவேயில்லை. 16 பேரில் ஆறு பேர் முடித்தார்கள்.

ஓடுகிறவர்கள் தண்ணி குடிக்கத்தான் வேண்டும் என்று பலமாகச் சொன்ன ஆய்வுக் கட்டுரை 1969இல் தென்னாபிரிக்க மருத்துவ இதழொன்றில் வந்தது. எழுதியவர்கள் விண்டம், ஸ்ட்ரைடம் என்ற இரண்டு பேர். ஓட்டத்தில் கூடத் தண்ணீர் இழந்தவர்களின் உடம்புச் சூடும் கூட இருந்தது என்று காட்டினார்கள். இவர்கள் எங்கே வேலை செய்தார்கள் என்பதுதான் எங்களை நிற்கவைத்தது. தென்னாபிரிக்கச் சுரங்க முதலாளிகளின் சங்கம் நடத்திய ஆய்வுகூடத்தில். பூமிக்குள் ஆழமான தங்கச் சுரங்கங்களில் பாறையே சுடும், காற்று ஈரமாக இருக்கும். அங்கே வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் வெப்பத்தாக்கால் செத்தார்கள். தொழிலாளர் செத்தால் உற்பத்தி நிற்கும். ஆகவே புதிதாக வந்தவர்களைச் சூடான ஈரமான அறைகளில் விட்டு, தாளத்துக்கு ஏற்றபடி படியில் ஏறி இறங்கவைத்து, நாட்கணக்கில் பழக்கினார்கள். உடம்பு வெயிலுக்கு எப்படிப் பழகுகிறது, எத்தனை நாள் எடுக்கும், வியர்வை எப்போது தொடங்கும் என்று இன்றைக்குச் செயலிகளும் ஓட்டப் பயிற்சிப் புத்தகங்களும் சொல்கிற விசயங்களில் ஒரு பகுதி, நிறவெறி ஆட்சி நடந்த நாட்டில் அந்தப் படிகளில் ஏறி இறங்கின கால்களிலிருந்து வந்த அறிவு. அவர்களில் ஒருவருடைய பெயரும் எந்த ஓட்டப் பந்தயத்தின் வரலாற்றிலும் இல்லை.

வெயிலில் ஓடலாமா கூடாதா என்று தீர்மானிக்க இன்று உலகமெல்லாம் பாவிக்கிற அளவீடும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1950களில் அமெரிக்க மரைன் படையின் பரிஸ் தீவுப் பயிற்சி முகாமில் புதிதாகச் சேர்ந்த பெடியன்கள் வெயிலில் அணிவகுத்தே செத்துக்கொண்டிருந்தார்கள். யாக்லூ, மினார்ட் என்பவர்கள் 1957இல் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 வீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் அளவுக்கு 20 வீதம், சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 வீதம். ரீவியில் சொல்கிற "இன்று 32 பாகை" என்ற கணக்கு இதில் பத்து வீதம்தான் பெறும் என்று யோசிச்சுப் பாருங்கோ. கொழும்பின் 31, வறண்ட ஊரொன்றின் 36ஐ விட ஓடுகிறவனுக்கு மோசமாக இருக்கலாம்.

தண்ணி குடியாதே என்று சொன்னவர்கள் பிறகு மற்றப் பக்கம் சாய்ந்தார்கள். 1965இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்களுக்காக உப்பும் சீனியும் கலந்த கேட்டரேட் பானம் உருவானது. அது ஒரு பெரிய வியாபாரமாக வளர, தாகம் எடுக்க முதலே குடி, முடிந்தமட்டும் குடி என்பது புது வேதவாக்கானது. 2002 பொஸ்டன் மரதனில் ஓடிய ஒரு பெண் இறந்தார். காரணம் தண்ணீர் குறைந்தது இல்லை. அளவுக்கு மிஞ்சிக் குடித்து இரத்தத்தில் சோடியம் கரைந்துபோனது. அதே ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 வீதமானவர்களுக்குச் சோடியம் குறைந்திருந்தது. இப்போது தாகம் எடுத்தால் குடி என்கிறார்கள். நூறு வருசம் சுத்தி வந்து, தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறவர் செய்கிற வேலையைத்தான் சொல்லுகினம்.

1984இல் லொஸ் ஏஞ்சலிஸ். பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மரதன். பெண் உடம்பு தாங்காது என்று 1928க்குப் பிறகு 800 மீற்றர் ஓட்டத்தையே 32 வருடம் பெண்களுக்கு மறுத்தவர்கள், கடைசியாகக் கதவைத் திறந்த நாள். சுவிற்சர்லாந்தின் 39 வயதான கப்ரியேலா அண்டர்சன்-ஷீஸ் கடைசித் தண்ணீர்ப் பந்தலைத் தவறவிட்டிருந்தார். மைதானத்துக்குள் வரும்போது ஒரு கை தொங்கிப்போய், உடம்பு ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. கிட்ட வந்த வைத்தியர்களை விலகச் சொல்லிக் கை காட்டினார், தொட்டால் தகுதியிழப்பு. பியெத்ரியின் ஆவிதான். வைத்தியர்கள் பக்கத்தில் நடந்துகொண்டே பார்த்தார்கள்: இன்னும் வியர்க்குது, ஆகவே விடலாம். கடைசிச் சுற்றுக்கு 5 நிமிடம் 44 செக்கன் எடுத்து 37ஆவதாக முடித்தார். உலகம் அதை வீரம் என்று கொண்டாடியது. எங்களுக்கு அந்தக் காணொளியைப் பார்க்கப் பெருமையாக இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அவர் விழுந்திருந்தால் "பாத்தியளா, பெண்களால் ஏலாது" எண்டு சொல்ல அந்த மைதானத்திலேயே ஆட்கள் இருந்திருப்பார்கள். ஜிம் பீற்றர்ஸ் விழுந்தபோது ஆண்களுக்கு மரதன் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஃபல்மத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் இந்தக் கதையில் சந்தோசமான பகுதி அங்கேதான். 1978இல் அங்கே ஓடிய அல்பெர்ட்டோ சலசார் என்ற இளைஞன் எல்லைக்கோட்டில் விழுந்தான். உடம்புச் சூடு 42 பாகை. கத்தோலிக்கருக்குச் சாகும் நேரத்தில் செய்கிற இறுதிச் சடங்கையும் செய்துவிட்டார்கள். ஆனால் ஐஸ் தண்ணீருக்குள் போட்டு எடுத்தார்கள். தப்பினான். இரண்டு வருடம் கழித்து நியூயோர்க் மரதனை வென்றான். அந்த ஓட்டத்தின் மருத்துவக் கூடாரத்தில் ஐஸ் தொட்டி நிரந்தரமானது. 18 வருடப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரையில் 274 வெப்பத்தாக்கு நோயாளிகள் இருக்கிறார்கள். 274 பேரும் உயிர் தப்பினார்கள். மருந்து இல்லை, இயந்திரம் இல்லை. தொட்டி, தண்ணி, ஐஸ். விழுந்தவரை அங்கேயே கழுத்துவரை தாழ்த்து, சூடு இறங்கின பிறகு அம்புலன்ஸில் ஏற்று. ஏற்றிப்போட்டுக் குளிர்விக்கப் பார்த்தால், வைத்தியசாலை போய்ச்சேருமுன் மூளையும் ஈரலும் வெந்துபோகலாம்.

நேரத்தையும் காலத்தையும் மாற்றுகிற புத்தியும் மெதுவாகத்தான் வந்தது. நியூயோர்க் நகரம் 2006இல் தன் அரை மரதனைத் தொடங்கியபோது ஒகஸ்ட் மாதத்தில்தான் வைத்தது. சென்ட்ரல் பூங்காவைச் சுற்றி, டைம்ஸ் சதுக்கத்தினூடாக, நகரத்தின் தென்முனை வரை. கொங்கிரீட் கட்டடங்களுக்கு நடுவில் கோடைப் புழுக்கம். 2007 ஒகஸ்டில் எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி அதை 59 நிமிடம் 24 செக்கனில் ஓடி முடித்தார். அவரால் முடியும். அவருக்குப் பின்னால் இரண்டரை மணித்தியாலம் ஓடுகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு வெயில் ஏறிக்கொண்டே போகும். மெதுவாக ஓடுகிறவர்தான் கூட நேரம் வெயிலில் நிற்பார் என்பதை அமைப்பாளர்கள் அடிக்கடி மறந்துபோகினம். 2010இல் ஓட்டத்தை மார்ச்சுக்கு மாற்றினார்கள்.

2019இல் உலக மெய்வல்லுநர் போட்டி கட்டாரின் டோஹாவில். பெண்கள் மரதனைச் செப்ரெம்பர் 27 நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன் தொடங்கினார்கள். அப்போதும் 32 பாகை, ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். தொடங்கியவர்கள் 68 பேர், ஸ்டொக்ஹோமில் தொடங்கின அதே எண்ணிக்கை. 28 பேர் முடிக்கவில்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொதித்து எழுதின, நியாயம்தான். ஆனால் அந்த நாட்டில் கட்டட வேலைக்கு மத்தியானத் தடை அந்த வருடம் ஒகஸ்ட் 31ஓடு முடிந்துவிட்டது. ஓட்டக்காரருக்கு நள்ளிரவு கிடைத்த அதே கிழமையில் வேலைக்காரர் பகல் வெயிலில் நின்றார்கள். அவர்களில் எங்கட நாட்டு ஆட்களும் இருந்தார்கள். 2009 முதல் 2017 வரை கட்டாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் வந்த ஒரு ஆய்வு, இதய நோய் என்று பதிவான 571 சாவுகளில் 200 வரையானவை வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. டோஹாவைப் பார்த்துப் பயந்துதான் டோக்கியோ ஒலிம்பிக்கின் மரதனை 800 கிலோமீற்றர் வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஆண்கள் மரதனில் 106 பேரில் 30 பேர் முடிக்கவில்லை.

இனி ஊருக்கு வருவோம். எங்கள் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தை முதல் பங்குனி வரை நடக்கும். அதுக்கு முதல் மரதன். சூரியன் வருடாவருடம் ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கைக்கு நேர் மேலே நிற்கும். அதாவது சூடு ஏறிக்கொண்டு வருகிற மாதங்களில்தான் பிள்ளைகளைத் தார் வீதியில் ஓடவிடுகிறோம். வருடம் முழுக்க வகுப்பிலும் ரியூசனிலும் இருந்துவிட்டு ஒரே ஒரு நாள் ஓடுகிற பிள்ளைகள். "நாங்கள் வெயிலில் பிறந்து வளர்ந்த ஆக்கள், எங்களுக்கு ஒண்டும் செய்யாது" எண்டு சொல்லுவினம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு கிழமை வெயிலில் உழைக்க வேண்டும். விட்டால் சில கிழமையிலேயே அந்தப் பழக்கம் போய்விடும். மின்விசிறிக்குக் கீழே உயர்தரம் படிக்கிறவருக்குப் பரம்பரை ஒன்றும் உதவாது. எங்கள் இனத்து உடம்பு வெயில் தாங்கும் என்று நாங்களே சொல்கிறபோது, சென் லூயிஸில் அளவுநாடாவோடு நின்றவர்கள் பேசின பாசையைத்தான் பேசுகிறோம்.

2024 மார்ச் மாதம், கடும் வெப்பம் பற்றிய எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்த நாட்களில், கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதனில் ஓடிய மாணவன் ஒருவன் இறந்துபோனான். கல்வி அமைச்சும் வெப்பமான நேரங்களில் வெளிக்கள விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும்படி அந்தப் பருவத்தில் பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது.

மரதன் நாளில் வழக்கமாக என்ன இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சந்திக்குச் சந்தி மாணவத் தலைவர்கள், வெட்டின தோடம்பழம், குளுக்கோஸ் கரைத்த வாளி, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளில் மாஸ்டர், முதலுதவிக்கு சாரணர். விழுந்த பிள்ளையை நிழலில் கிடத்தி, முகத்துக்குத் தண்ணி தெளித்து, ஓட்டோ பிடித்து ஏற்றுவார்கள். ஃபல்மத்தில் இருப்பது இதோடு ஒரேயொரு சாமான் கூட. ஒரு ஆள் இருக்கக்கூடிய பிளாஸ்டிக் தொட்டி எந்த ஹாட்வெயார் கடையிலும் இருக்கு. ஐஸ், கரையோரப் பாடசாலை எண்டால் மீன் சந்தையிலேயே வாங்கலாம், பெட்டிக்கணக்கில். மற்ற ஊர்களில் முதல் நாள் இரவே சொல்லிவைத்து எடுக்க வேணும். ஐஸ் கிடைக்காவிட்டால் கிணற்றுத் தண்ணியும் வாளியும் போதும், ஆனால் நிறுத்தாமல் ஊற்ற வேணும். அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் நனைத்த துவாய், அதை இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கா மாற்ற ஒரு ஆள். அந்த ஆளை ஓட்டம் தொடங்க முதலே பெயர் சொல்லி நியமிக்க வேண்டும்.